முகவரி இல்லாதவருக்கு ஒரு மணி நேரம்

1893ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள். செகந்திராபாத்தில் உள்ள மகபூப் கல்லூரியில் இளந்துறவி ஒருவர், தாம் மேலைநாடு செல்லவிருக்கும் நோக்கத்தைப் பற்றி உரையாற்றினார். சோமசுந்தர முதலியார் 1862இல் நிறுவிய கல்வி நிலையம் அது. உரையாற்றியவர் சுவாமி விவேகானந்தர்.

அதன்பின் ஏழு மாதங்கள் கழிந்தன. சர்வ சமயப் பேரவை தொடங்குவதற்கு இரண்டு நாட்களே இருந்தன. சிகாகோ ரயில் நிலையத்தில் வந்திறங்கிய சுவாமிஜி, பேரவைக் குழுவினரின் முகவரி எழுதிய தாள் தம்மிடம் இல்லை என்பதை உணர்ந்தார். அதை எங்கோ தொலைத்துவிட்டிருந்தார். வழி கேட்டவர்களிடமிருந்து சரியான பதில் வரவில்லை. இரவு வந்தது. சரக்கு ரயில்கள் நிற்கும் இடத்தில் கிடந்த வெற்றுப் பெட்டி ஒன்றில் படுத்து உறங்கினார். மறுநாள் காலை பசியுடன் செல்வர்கள் வாழும் தெருவில் வீடு வீடாக உதவி கேட்டுச் சென்றார். கசங்கிய உடையையும் களைத்த முகத்தையும் கண்டவர்கள் கதவைச் சாத்தினார்கள். இறுதியில், நடப்பது நடக்கட்டும் என்று தெருவோரத்தில் அமர்ந்துவிட்டார். அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வீட்டுத் தலைவியான திருமதி ஹேல் வெளியே வந்து, அவர் பேரவைக்கு வந்த பிரதிநிதியா என்று விசாரித்தார். வீட்டிற்குள் அழைத்துச் சென்று, ஓய்வெடுக்க இடமும் உணவும் தந்து, பின்னர் தாமே பேரவை அலுவலகத்திற்கும் அழைத்துச் சென்றார்.

இந்த நிகழ்ச்சியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். சுவாமிஜியின் மன உறுதிக்கும் இறையருளுக்கும் சான்றாக இதைக் கூறி மகிழ்கிறோம். ஆயினும் இதிலுள்ள எளிய உண்மை ஒன்று நம் கவனத்திற்கு வருவதில்லை. அந்த ஓரிரவும் ஒரு காலையும் சுவாமிஜி முகவரி இல்லாத மனிதராக இருந்தார். இன்று நம் நகரங்களின் நடைபாதைகளில் படுத்திருப்பவர்களை உலகம் எப்படிப் பார்க்கிறதோ, அப்படியே அத்தெருவும் அவரைப் பார்த்தது.

அன்று கதவைச் சாத்தியவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கும் அன்றைய வேலைகள் இருந்திருக்கும். திருமதி ஹேல் மட்டும் வெளியே பார்த்தார். பார்த்ததற்காகச் சற்று நேரம் ஒதுக்கினார். இக்கட்டுரை நமக்குக் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: நம் நாளில் அப்படிப் பார்ப்பதற்கு இடம் இருக்கிறதா?

நேரமின்மையா, அவசரமா?

சுவாமிஜி உரையாற்றிய செகந்திராபாத்திலிருந்து கிழக்கே தார்நாகாவைக் கடந்து உப்பலை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ளது ஹப்சிகுடா. தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் போன்ற அறிவியல் நிறுவனங்கள் சூழ்ந்த பகுதி. 2017 நவம்பரில் இவ்வழியே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. இங்கு வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவர் நகரின் மேற்குக் கோடியிலுள்ள கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். மனைவி ஆசிரியை. பள்ளி செல்லும் குழந்தைகள் இருவர். ஊரிலிருந்து வந்து தங்கியுள்ள வயதான தாயார். காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும் ஓட்டம் இரவு பத்தரைக்கு ஓய்கிறது. மெட்ரோவிலிருந்து இறங்கி வரும் வழியில், தூண் ஒன்றின் அடியில் கோணிப்பையை விரித்துப் படுத்திருக்கும் முதியவரை அவர்கள் அன்றாடம் காண்கிறார்கள். 'ஏதேனும் செய்ய வேண்டும்' என்று மனம் சொல்கிறது. 'இப்போது நேரமில்லை' என்று கால்கள் நடக்கின்றன. இவர்கள் கற்பனைக் குடும்பத்தினர்தாம். ஆனால் நம்மில் பலர் இவர்களிடத்தில் நம்மையே காண முடியும்.

இந்த மனநிலையை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் இரு உளவியலாளர்கள் ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார்கள். அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்கள் சமய குருமார்களாகப் பயிற்சி பெற்றுவந்த மாணவர்கள். அவர்களுள் ஒரு பகுதியினரிடம், பக்கத்துக் கட்டடத்திற்குச் சென்று பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூறப்பட்டது. கள்வர்களால் தாக்கப்பட்டு வழியில் கிடந்த ஒருவனை, சமயப் பெரியோர் இருவர் கண்டும் காணாமல் செல்ல, அயலான் ஒருவன் நின்று காப்பாற்றிய கதை அது. மற்ற மாணவர்களுக்கு வேறு தலைப்பு தரப்பட்டது. சிலரிடம் 'ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, விரைந்து செல்லுங்கள்' என்றும், சிலரிடம் 'சரியான நேரம்தான்' என்றும், சிலரிடம் 'இன்னும் சற்று நேரம் இருக்கிறது' என்றும் சொல்லி அனுப்பினார்கள். செல்லும் வழியில் ஒரு வாசற்படியில், தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் ஒரு மனிதர் சாய்ந்துகிடந்தார். அவரை அங்கே அமர்த்தியவர்கள் ஆய்வாளர்கள்தாம்.

நேரம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் ஏதோ ஒரு வகையில் உதவ முயன்றார்கள். சற்றே அவசரமாக இருந்தவர்களில் 45 பேர். மிகுந்த அவசரத்தில் சென்றவர்களில் 10 பேர் மட்டுமே. எந்தத் தலைப்பில் பேசச் சென்றார்கள் என்பது பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. உதவியைப் பற்றிப் பேசுவதற்காகச் சென்றவர்களே, உதவி வேண்டிக் கிடந்தவரைக் கடந்து சென்றார்கள்.

ஆன்மிக வாழ்வில் ஈடுபட்டிருக்கும் நாம் இந்த ஆய்வை நமக்காகவே செய்ததாகக் கொள்ளலாம். சத்சங்கத்திற்கு நேரமாகிவிட்டது என்று ஓடும்போது, நாம் கடந்து செல்வது யாரை? நற்கருத்துகளைக் கேட்பதும் பேசுவதும் மட்டுமே நம்மைச் சேவையில் நிறுத்திவிடும் என்று நம்ப இடமில்லை. அவசரம் நம் கண்களை மறைக்கிறது. உள்ளத்தில் இரக்கம் இருந்தும் அது செயலாக மாறாமல் போகிறது. அப்படியானால், அவசரம் நுழைய முடியாத ஒரு நேரத்தை முன்கூட்டியே அமைத்துக்கொள்வதே இதற்கு மருந்து.

வீடற்றோர் யார்?

சேவை செய்யப் புகுமுன், யாருக்குச் சேவை செய்கிறோம் என்பதை அறிய வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் வீடற்றோர் கணக்கிடப்பட்டார்கள். சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்களின் உட்புறம், மேம்பாலங்களின் அடி, மாடிப்படிகளின் கீழ், கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை ஆகியவற்றில் உறங்கியவர்கள் இக்கணக்கில் அடங்குவர். நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் இருப்பதாக அறியப்பட்டது. அவர்களுள் 9.38 லட்சம் பேர் நகரங்களில் இருந்தார்கள். ஓர் இரவில் எண்ணி முடிக்கப்பட்ட கணக்கு இது. எண்ணுபவர் கண்ணுக்குத் தப்பியவர்களும் இருந்திருப்பார்கள்.

இவர்கள் அனைவரும் பிச்சை எடுப்பவர்கள் என்று எண்ணுவது தவறு. கட்டட வேலை, சுமை தூக்குதல், திருமணக் கூடங்களில் பாத்திரம் கழுவுதல், பழைய காகிதம் பொறுக்குதல் போன்ற வேலைகளைச் செய்பவர்கள் பலர். அன்றைய கூலியில் வாடகை கொடுக்க வழியில்லாமல் வெளியில் உறங்குகிறார்கள். பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோர், கணவனின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய பெண்கள், மனநோயால் வழிதவறி வந்தவர்கள் என வேறு பலரும் உள்ளனர். பெரிய அரசு மருத்துவமனைகளின் வாயிலில், தொலைதூரக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உறவினர்கள் வாரக்கணக்கில் வெட்டவெளியில் படுத்திருப்பதையும் காண்கிறோம். ஊரில் வீடு இருந்தும் அவர்கள் இங்கே வீடற்றவர்கள்.

இவர்களுக்கென அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற அளவில், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010இல் வலியுறுத்தியது. 2013இல் மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்திலும் இந்த அளவு இடம்பெற்றது. ஹைதராபாத் மாநகராட்சியின் மக்கள் தொகை 2011இல் ஏறத்தாழ 67 லட்சம். அக்கணக்கின்படி அறுபதுக்கும் மேற்பட்ட தங்குமிடங்கள் தேவை. அமைந்தவை அதில் ஒரு சிறு பகுதியே. மாநகராட்சி 2014இல் ஐந்து ரூபாய்க்கு மதிய உணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கி ஏழைகளின் பசியைத் தணித்தது. ஆனால் இரவு, மழை, நோய், தனிமை ஆகியவற்றுக்கு உணவுப்பொட்டலம் மட்டும் விடையாகாது.

முகவரி இல்லாதவர் அடையாள அட்டை பெறுவது கடினம். அட்டை இல்லாதவருக்கு ரேஷன் இல்லை, ஓய்வூதியம் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. ஒரு தாளைத் தொலைத்ததால் சுவாமிஜி ஓரிரவு துன்புற்றார். இவர்களோ அத்தகைய தாள்கள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் துன்புறுகிறார்கள்.

ஆபுத்திரனின் திருவோடு

இல்லறத்தான் அன்றாடம் செய்ய வேண்டியவை என நம் சாஸ்திரங்கள் ஐந்து வேள்விகளைக் கூறுகின்றன. தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோருக்கும் செய்யும் கடமைகளுடன், மனிதர்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் செய்யும் கடமைகளும் அவற்றுள் அடங்கும். வேலை ஓய்ந்தபின் செய்யலாம் என்று அவை விடப்படவில்லை. நாளின் அமைப்பிலேயே சேர்க்கப்பட்டன. திருவள்ளுவரும் இல்வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது ஆதரவற்றவர்களுக்குத் துணை நிற்பதை இல்வாழ்வானின் இலக்கணமாகவே கூறுகிறார்.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை நமக்கு நல்ல பாடம். ஊரால் விலக்கப்பட்ட அந்த இளைஞன் மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயிலின் முன்மண்டபத்தில் தங்கினான். அவனும் வீடற்றவனே. பகலில் ஓடேந்திப் பிச்சை எடுப்பான். கிடைத்ததைக் கொண்டுவந்து, பார்வையற்றோர், செவிகேளாதோர், கால் இழந்தோர், பேணுவார் இல்லாதோர், நோயுற்றோர் அனைவரையும் அழைத்து உண்பிப்பான். எஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்து உறங்குவான். மழை பெய்யும் ஒரு நள்ளிரவில் பசியுடன் சிலர் வந்து அவனை எழுப்பினார்கள். கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவன் கலங்கியபோதுதான், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைத் தேவி அவனுக்கு அளித்தாள்.

இதில் வரிசையைக் கவனிக்க வேண்டும். அமுதசுரபி கிடைத்தபின் ஆபுத்திரன் உணவளிக்கத் தொடங்கவில்லை. வெறும் ஓட்டைக் கொண்டு அன்றாடம் தவறாமல் உணவளித்துவந்தவன் கையில்தான் அமுதசுரபி வந்து சேர்ந்தது. 'பணி ஓய்வு பெற்றபின் முழுநேரமும் சேவைதான்' என்று சொல்லும் நாம், அமுதசுரபி வரட்டும் என்று காத்திருக்கிறோம். நம் கையில் இன்றிருக்கும் ஓடு வாரத்தில் ஒரு மணி நேரமாக இருக்கலாம். அதிலிருந்து தொடங்குவதே முறை.

வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே அன்று ஏற்றிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு, இன்றும் பசித்தவர்களுக்கு உணவு அளிக்கப்படுகிறது. நாள்தோறும் விடாமல் நடப்பதே அந்த அறத்தின் பெருமை. பசித்தவன் அங்கே நம்பிச் செல்லலாம்.

தபீர்புரா பாலத்தடியில்

இத்தகைய விடாத அறத்திற்கு ஹைதராபாத்திலேயே நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பழைய நகரில் தபீர்புரா மேம்பாலம் இருக்கிறது. அப்பகுதியைச் சேர்ந்த அசார் மக்சூசி, வீடுகளுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அலங்கார வேலை செய்து பிழைப்பவர். நான்கு வயதில் தந்தையை இழந்து, பசியோடு வளர்ந்தவர். 2012இல் ஒருநாள் தபீர்புரா ரயில் நிலையத்தருகே பசியால் அழுதுகொண்டிருந்த பெண்ணொருத்தியைக் கண்டார். தம்மிடமிருந்த உணவைக் கொடுத்தார். அத்துடன் அந்நிகழ்ச்சி முடிந்திருக்கலாம்; முடியவில்லை. வீட்டில் மனைவி சமைத்துத் தர, அதைக் கொண்டுசென்று பாலத்தடியில் இருந்த சிலருக்குப் பரிமாறினார். மறுநாளும் சென்றார். உண்பவர் எண்ணிக்கை பெருகியபோது சமையற்காரர் ஒருவரை அமர்த்தினார். பின்னர் செகந்திராபாத்தில் காந்தி மருத்துவமனைப் பகுதியிலும் உணவு வழங்கும் பணி தொடங்கியது. பசிக்கு மதமில்லை என்பதே அப்பணியின் வாசகம். பத்தாண்டுகளைக் கடந்தும் அது நீடித்தது.

நம் கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. அவர் தொழிலை விடவில்லை, குடும்பத்தைத் துறக்கவில்லை. நண்பகலில் ஒரு பொழுதை ஏழைகளுக்கென ஒதுக்கி, அதைத் தம் தொழிலின் வேளைகளைப் போலவே உறுதியாகக் காத்தார். பசித்தவர்கள் அந்தப் பாலத்தடிக்கு வந்தது அவர் தவறாமல் வருவார் என்ற நம்பிக்கையால். ஆண்டுக்கு ஒருமுறை பிறந்தநாளன்று ஐந்நூறு பொட்டலம் வழங்குவதும் நல்லதே. ஆயினும் அடுத்த நாளும் பசி வரும். வீடற்றவர் வாழ்வில் நம்பத்தக்கவை மிகக் குறைவு. படுக்கும் இடம் நாளை இருக்குமா என்பது தெரியாது. குறித்த நாளில் குறித்த நேரத்தில் ஒருவர் வருவார் என்பது அவருக்கு நாம் தரும் முதல் கொடை.

நேரம் எங்கிருந்து வரும்?

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. உறக்கத்திற்கு 56 மணி, பணிக்கும் பயணத்திற்கும் 65 மணி என வைத்துக்கொண்டாலும் 47 மணி எஞ்சும். சமையல், குழந்தைகளின் படிப்பு, பெரியவர்களைக் கவனித்தல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் இரண்டு மணி நேரம் என்பது வாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதி. 1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரி மாணவரிடம் ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவையை எதிர்பார்க்கிறது. வாரத்திற்குப் பார்த்தால் அதுவும் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. மாணவப் பருவத்தில் இயன்றது இப்போது இயலாது என்பதற்கு வலுவான காரணம் நம்மிடம் இருக்கிறதா?

2014இல் டெல்லியில் நீல் கோஷ், ஆனந்த் சின்கா என்னும் இளைஞர்கள் நண்பர்களுடன் சேர்ந்து, உணவகங்களில் மிஞ்சும் நல்ல உணவைப் பெற்று வீடற்றோருக்கு வழங்கத் தொடங்கினார்கள். 'ராபின் ஹூட் ஆர்மி' என்ற அந்த அமைப்பு பின்னர் ஹைதராபாத் உட்படப் பல நகரங்களுக்குப் பரவியது. அது பணமாக நன்கொடை பெறுவதில்லை. தொண்டர்களின் நேரத்தையே கேட்கிறது. அத்தொண்டர்களில் பெரும்பாலோர் அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞர்களும் மாணவர்களும் ஆவர். நேரமில்லாதவர்கள் என நாம் கருதும் வகுப்பினரே அவர்கள்.

நேரம் ஒதுக்க விரும்பும் இல்லறத்தாருக்குச் சில வழிகள் உதவும்.

முதலாவது, நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 'முடிந்தபோது செய்வேன்' என்பது நடைமுறையில் 'செய்யமாட்டேன்' என்பதாகவே முடிகிறது. ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஆறு என்று முடிவுசெய்தால், மற்ற வேலைகள் அதைச் சுற்றி அமைந்துகொள்ளும். ஜபத்திற்கு வேளை குறிப்பது போன்றதே இது.

இரண்டாவது, அருகிலேயே செய்யுங்கள். நகரின் மறுகோடிக்குச் சென்றால் பயணமே சேவையை விழுங்கிவிடும். ஹப்சிகுடாவில் இருப்பவருக்கு உப்பல் சந்திப்பு, தார்நாகா, செகந்திராபாத் ரயில் நிலையம் ஆகியவை எளிதில் சென்றுவரக்கூடியவை. உங்கள் ஊரிலும் அத்தகைய இடம் நிச்சயம் இருக்கும்.

மூன்றாவது, நான்கைந்து குடும்பங்கள் சேருங்கள். ஒருவருக்கு உடல்நலமில்லை, ஒருவர் ஊருக்குச் சென்றிருக்கிறார் என்றால் மற்றவர்கள் செல்வார்கள். மாதத்தில் ஒரு வாரம் மட்டுமே ஒருவருடைய முறை வரும். சேவையோ வாரந்தோறும் நடக்கும்.

நான்காவது, சிறிதாகத் தொடங்குங்கள். முதல் மாதத்திலேயே நூறு பேருக்கு உணவு என்று தொடங்கி மூன்றாம் மாதத்தில் நிறுத்துவதைவிட, ஐந்து பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சந்திப்பது மேலானது.

ஐந்தாவது, குழந்தைகளையும் முதியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் பாட்டியால் சப்பாத்தி உருட்ட முடியும்; குழந்தையால் வாழைப்பழம் எண்ணி வைக்க முடியும். குடும்பத்திற்கான நேரத்தைப் பறிக்கும் வேலையாகச் சேவை அப்போது தோன்றாது.

சேவை நேரத்தைக் குறைத்துவிடும் என்ற அச்சமும் தேவையில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பிறருக்காகச் சிறிது நேரம் செலவிட்டவர்கள், தமக்காகச் செலவிட்டவர்களைவிடவும், எதிர்பாராத ஓய்வு பெற்றவர்களைவிடவும் தங்களிடம் அதிக நேரம் இருப்பதாக உணர்ந்தது தெரியவந்தது. கடிகாரம் மாறவில்லை, 'ஒன்றுக்கும் நேரமில்லை' என்ற மனக்குறைதான் தணிந்தது.

எவ்வாறு அணுகுவது?

கொடுப்பதற்குமுன் கேளுங்கள். ஹைதராபாத்தில் தெலுங்கில் 'தின்னாரா?' என்றோ, உருதுவில் 'கானா காயே க்யா?' என்றோ கேட்கலாம். சாப்பிட்டீர்களா என்ற அந்த இரு சொற்களே உறவைத் தொடங்கிவைக்கும். 'அம்மா', 'ஐயா' என்று அழையுங்கள். நின்றுகொண்டு கைநீட்டாமல், குனிந்தோ அமர்ந்தோ பேசுங்கள். பெயரைக் கேட்டு, அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். தம் பெயரைப் பிறர் வாயால் கேட்டு நெடுநாளானவர்கள் அவர்களில் உண்டு. உறங்குபவரை எழுப்ப வேண்டாம். புகைப்படம் எடுக்க வேண்டாம். நம் வீட்டு முற்றத்தில் நாம் உண்பதை அயலார் படம்பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

புதிதாகச் சமைத்த உணவையே கொடுங்கள். கோடையில் விரைவில் கெடும் தயிர்சாதத்தையும் தேங்காய்ச் சட்னியையும் தவிருங்கள். பல்லில்லாத முதியவருக்கு மென்மையான உணவு வேண்டும். மே மாதத்தில் குடிநீரும், டிசம்பரில் போர்வையும், மழைக்காலத்தில் தார்ப்பாயும் உணவுக்கு நிகரானவை. பெண்களுக்கு வேண்டியவற்றைக் கேட்டறிய நம் குழுவில் பெண்கள் இருப்பது அவசியம்.

உணவைக் கடந்தும் செய்யத்தக்கவை உண்டு. அருகிலுள்ள இரவுத் தங்குமிடத்தை நேரில் சென்று பார்த்துவையுங்கள். அங்கே இடம் உண்டா, யார் சேர்க்கப்படுவர் என்பதை அறிந்திருந்தால் ஒருவருக்கு அன்றிரவே கூரை கிடைக்கலாம். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கத் துணைசெல்வது, மருத்துவமனையில் வரிசையில் உடன் நிற்பது, ஊரிலுள்ள உறவினருக்குத் தொலைபேசியில் பேச உதவுவது ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை, பொறுமை தேவை. உயிருக்கு ஆபத்தெனில் 108, குழந்தை தனியே இருந்தால் 1098, துன்புறும் பெண்ணுக்கு 181, கைவிடப்பட்ட முதியவருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களைக் குறித்துவையுங்கள்.

மனநோயால் தெருவில் திரிபவரைக் கண்டு அஞ்சி விலகுவது இயல்பு. 1988இல் மும்பையில் பாரத் வாட்வானி, ஸ்மிதா வாட்வானி என்னும் மனநல மருத்துவத் தம்பதியர் ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தபோது, வெளியே மெலிந்த இளைஞன் ஒருவன் தேங்காய்ச் சிரட்டையால் சாக்கடை நீரை மொண்டு குடிப்பதைக் கண்டார்கள். அவனை அழைத்துச் சென்று சிகிச்சை அளித்தார்கள். தெளிவு பெற்றபின்தான் அவன் ஒரு பட்டதாரி என்பதும், ஆந்திராவின் கடப்பையைச் சேர்ந்தவன் என்பதும் தெரிந்தது. குடும்பத்தினர் வந்து அழைத்துச் சென்றார்கள். அந்த ஓர் அனுபவத்திலிருந்து வளர்ந்த சிரத்தா அமைப்பு, 2018இல் டாக்டர் வாட்வானி மகசேசே விருது பெறுவதற்குள் ஏழாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் குடும்பங்களுடன் சேர்த்திருந்தது. சென்னையிலும் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள், தெருவில் மனநோயுடன் திரிந்த பெண்ணொருத்திக்குப் புகலிடம் தேடி அலைந்ததன் விளைவாக 1993இல் 'தி பான்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். நாம் மருத்துவர்கள் அல்லர். ஆயினும் இத்தகையவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது காவல் நிலைய அதிகாரியின் கடமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அதை நினைவூட்டி, உடன் நிற்பது நம்மால் இயலும்.

சேவையே சாதனை

சில வாரங்கள் சென்றபின் இரண்டு இடையூறுகள் வரும். ஒன்று, 'நான் செய்கிறேன்' என்ற பெருமிதம். மற்றொன்று மனச்சோர்வு. நாம் கொடுத்த போர்வையை ஒருவர் விற்றுக் குடித்திருப்பார். தங்குமிடத்தில் சேர்த்தவர் மூன்றாம் நாள் மீண்டும் நடைபாதைக்கு வந்திருப்பார். நன்றி சொல்ல வேண்டியவர் ஏசக்கூடும். 'இவர்களுக்குச் செய்து என்ன பயன்?' என்று மனம் பின்வாங்கும். பயனில் பற்றின்றிச் செயல்புரிவது என்பதன் பொருளை ஏட்டில் படித்த நமக்கு, அதைப் பயிலும் இடம் இந்த நடைபாதையே. பூஜையில் நாம் சமர்ப்பிக்கும் மலருக்கு இறைவன் ரசீது தருவதில்லை. அவர் ஏழையின் வடிவில் வரும்போது மட்டும் நாம் ஏன் எதிர்பார்க்க வேண்டும்? போர்வை போனால் காரணத்தை அன்போடு கேட்போம். அடுத்த வாரமும் செல்வோம்.

ஹப்சிகுடா என்ற பெயர், நிஜாம் ஆட்சிக் காலத்தில் அபிசீனியாவிலிருந்து வந்து பணிபுரிந்த ஹப்சிகளால் ஏற்பட்டது என்பர். செகந்திராபாத் படைமுகாமுடன் வந்த தமிழ்க் குடும்பங்களும் பல தலைமுறைகளுக்குமுன் இங்கே அந்நியர்களாகவே இறங்கினார்கள். யாரோ ஒருவர் வழிகாட்டி, யாரோ ஒருவர் திண்ணையில் இடம் கொடுத்துத்தான் நம் முன்னோருக்கு முகவரி கிடைத்தது. அக்கடனைத் திருப்பிச் செலுத்தும் வழி நம் கண்முன் இருக்கிறது.

மெட்ரோ தூணின் அடியில் படுத்திருக்கும் அந்த முதியவரிடம் மீண்டும் வருவோம். அவருக்கு நாம் நம் வாழ்நாள் முழுவதையும் தர வேண்டியதில்லை. வரும் ஞாயிறு ஒரு மணி நேரம் போதும். அதற்கடுத்த ஞாயிறும் நாம் அங்கே இருக்க வேண்டும்.

சிந்தனைக்கு

1. சென்ற வாரத்தில் நீங்கள் அவசரத்தால் கடந்து சென்ற ஒருவரை நினைவுகூர முடிகிறதா? அன்று பத்து நிமிடம் தாமதமாகியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

2. அமுதசுரபி கிடைப்பதற்குமுன் ஆபுத்திரன் கையிலிருந்த ஓட்டைப் போல, இன்று உங்கள் கையிலிருப்பது என்ன?

3. உங்கள் வீட்டிற்கு மிக அருகில் இரவில் வெளியே உறங்குபவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அருகிலுள்ள தங்குமிடம் எது?

4. வாரத்தில் எந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் தவறாமல் காக்க முடியும்? குடும்பத்தினருடன் அமர்ந்து பேசி, இன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.